என்எஃப்டியை ஒரு வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்குப் பத்திரமாக மாற்றுவது எப்படி: மெட்டாமாஸ்க் முதல் லெட்ஜர் வரை

பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஒருவர் பெயரில் பதிவாகும் டிஜிட்டல் பொருள்தான் என்எஃப்டி. அதை வைத்திருப்பவர்களில் பலர் எல்லாவற்றையும் ஒரே வாலட்டில் (அதற்கான செயலியில்) தான் வைத்திருக்கிறார்கள். புதுப்புதுத் தளங்களை இணைப்பதும் மின்ட் செய்வதும் (புதிய என்எஃப்டியை உருவாக்கிப் பெறுவதும்) அதில்தான். விலையுயர்ந்த டோக்கன் கிடப்பதும் அதில்தான். ஒரே ஒரு தப்பான டிஜிட்டல் கையெழுத்து போதும், இருப்பதெல்லாம் போய்விடும். அதனால் மதிப்புள்ளதைத் தனியாக ஒரு ஹார்டுவேர் வாலட்டுக்கு (சாவியைத் தனிச் சாதனத்துக்குள் வைத்திருப்பது) மாற்றிவிடுங்கள் என்கிறார்கள் அனுபவசாலிகள். நல்ல அறிவுரைதான். ஆனால் மாற்றும்போதே தொலைத்தவர்கள் உண்டு. மாற்றிவிட்டுத் திரும்பப் பழைய வாலட்டுக்கே கொண்டுவந்து தொலைத்தவர்களும் உண்டு.

இங்கே எத்தேரியம் என்ற பிளாக்செயினில் உள்ள ஒரு என்எஃப்டியை, பிரவுசரில் இயங்கும் மெட்டாமாஸ்க் வாலட்டிலிருந்து லெட்ஜர் என்ற ஹார்டுவேர் வாலட் சாதனத்துக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்கிறேன். ட்ரெஸர் என்ற இன்னொரு சாதனம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். அனுப்பும் பட்டனை அழுத்துவது ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவற்றில்தான் பாதுகாப்பு இருக்கிறது. அதனால் அவற்றைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

டோக்கன் எங்கே இருக்கிறது?

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். என்எஃப்டி உங்கள் வாலட்டுக்குள் இல்லை. ஒவ்வொரு தொகுப்புக்கும் எத்தேரியத்தில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல், உண்டு. இந்த எண்ணுள்ள டோக்கன் இந்த முகவரிக்குச் சொந்தம் என்ற பட்டியல் அதற்குள் இருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விற்றாலும் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பதிவேட்டில் பெயர்தான் மாறுகிறது. பெயரை மாற்றக் கையெழுத்துப் போடும் சாவி மட்டும்தான் வாலட்டில் இருக்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. வாலட் திரையில் படம் தெரியவில்லை என்பதால் டோக்கன் தொலைந்துவிட்டது என்று ஆகாது. நீங்கள் வேறு யாருக்காவது அனுமதி கொடுத்திருந்தால், உங்கள் சாவி இல்லாமலேயே அவர் பெயரை மாற்றிவிட முடியும். தவறான முகவரிக்குப் பெயர் மாறிவிட்டால், அந்த முகவரியின் சொந்தக்காரர் மனது வைத்தாலொழிய யாராலும் அதைத் திருப்ப முடியாது.

பெரும்பாலான என்எஃப்டிகள் இரண்டு விதிமுறைகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. 2018-இல் வந்த இஆர்சி-721-இல் ஒவ்வொரு டோக்கனும் தனித்தன்மை உள்ளது, ஓர் எண்ணுக்கு ஒரே உரிமையாளர். அதே ஆண்டில் முன்மொழியப்பட்ட இஆர்சி-1155-இல் ஒரே எண்ணில் பல பிரதிகள் இருக்கலாம். விளையாட்டுப் பொருட்கள், பதிப்புகளாக வரும் ஓவியங்கள் எல்லாம் இந்த வகை. உங்களுடையது எது என்று, எத்தேரியம் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் அந்தத் தொகுப்பின் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

புதிய முகவரி சாதனத்திலேயே பிறக்கவேண்டும்

லெட்ஜர் வாங்கியவுடன் பலர் செய்யும் காரியம், பழைய மெட்டாமாஸ்க்கை மீட்டெடுக்க உதவும் 12 ரகசிய வார்த்தைகளை அதில் உள்ளிடுவது. அப்படிச் செய்தால் பழைய முகவரியே சாதனத்தில் தெரியும், எதையும் அனுப்ப வேண்டியதில்லை, கேஸ் எனும் பரிவர்த்தனைக் கட்டணச் செலவும் இல்லை. பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் பாதுகாப்பு கொஞ்சமும் கூடுவதில்லை. அந்த வார்த்தைகள் ஏற்கெனவே இணையத்தோடு இணைந்த கணினியில் புழங்கியவை. அதில் தீம்பொருள் ஏதாவது இருந்து அவற்றை எப்போதோ படித்திருந்தால், விலையுயர்ந்த சாதனம் வாங்கியும் பயனில்லை. சாதனமே புதிதாக உருவாக்கித் தன் சின்னத் திரையில் காட்டும் 24 வார்த்தைகள்தான் வேண்டும்.

சாதனத்தை உற்பத்தியாளரிடமிருந்தோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமிருந்தோ மட்டும் வாங்குங்கள். பெட்டிக்குள் வார்த்தைகள் ஏற்கெனவே அச்சிட்டு வந்திருந்தால் அது மோசடி, அந்தச் சாதனத்தைப் பயன்படுத்தவே கூடாது. வார்த்தைகளைக் காகிதத்தில் கையால் எழுதுங்கள். படம் எடுக்காதீர்கள். மின்னஞ்சலில், வாட்ஸ்அப்பில், கூகுள் டிரைவில் வைக்காதீர்கள்.

எழுதியதும் வேலை முடிந்துவிடவில்லை. எழுதியது சரியா என்று இப்போதே சோதித்துவிடுங்கள். சாதனத்தில் பின் (PIN) எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டால் லெட்ஜர் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பிறகு காகிதத்தில் உள்ள 24 வார்த்தைகளை வைத்து மீட்டெடுங்கள். முன்பு பார்த்த அதே முகவரி திரும்ப வந்தால் எழுதியது சரி. மதிப்புள்ள டோக்கன் எதுவும் அங்கே போவதற்கு முன் இதைச் செய்துவிடவேண்டும். இந்த வார்த்தைகள் 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. அவற்றில் எழுத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொற்களும் உண்டு. அவசரத்தில் ஒரு வார்த்தையை இன்னொன்றாக எழுதிவிடுவது எளிது.

அடுத்து, மெட்டாமாஸ்க்கில் கணக்குப் பட்டியலுக்குப் போய் ஹார்டுவேர் வாலட்டை இணைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். லெட்ஜரின் முகவரி அங்கே ஒரு தனிக் கணக்காக வந்துவிடும். மெட்டாமாஸ்க் இங்கே ஒரு ஜன்னல்தான், சாவி சாதனத்துக்குள்ளேயே இருக்கும். இணைக்கும்போது எந்தக் கட்டத்திலும் 24 வார்த்தைகள் தேவைப்படாது. எந்தப் பக்கமாவது அவற்றைக் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

பழைய வாலட்டில் என்னென்ன பாக்கி இருக்கிறது?

இதைத்தான் பெரும்பாலான குறிப்புகள் தாண்டிப் போய்விடுகின்றன. பழைய முகவரியில் இரண்டு வகைப் பாக்கி இருக்கலாம்.

முதலாவது, அனுமதிகள். ஓப்பன்சீ போன்ற என்எஃப்டி சந்தையில் ஒரு முறையாவது விற்க முயன்றிருந்தால், அந்தத் தொகுப்பில் உள்ள உங்கள் டோக்கன்கள் எல்லாவற்றையும் நகர்த்தும் அனுமதியை அந்தச் சந்தையின் கான்ட்ராக்ட்டுக்குக் கொடுத்திருப்பீர்கள். செட் அப்ரூவல் ஃபார் ஆல் என்று திரையில் வந்தது அதுதான். போலித் தளங்கள் கேட்பதும் இதையேதான். ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ உங்கள் முகவரியைப் போட்டால் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று தெரியும். பார்ப்பதற்கு வாலட்டை இணைக்கவேண்டிய அவசியம்கூட இல்லை, முகவரியை ஒட்டினாலே போதும். இந்தத் தளங்களைத் தேடுபொறி வழியாகத் தேடிப் போகாதீர்கள். விளம்பரமாக மேலே வரும் போலிகள் உண்டு. தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, ஒரு முறை உறுதிசெய்துகொண்டு, புக்மார்க் செய்துவையுங்கள்.

இரண்டாவது, பழைய விற்பனைப் பட்டியல்கள். இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் கண்ணில் படாது. சந்தையில் நீங்கள் ஒரு விலைக்குப் பட்டியலிடும்போது, இந்த விலைக்கு யார் கேட்டாலும் கொடுக்கிறேன் என்று ஒரு செய்தியில் கையெழுத்திடுகிறீர்கள். அது பிளாக்செயினுக்கு வெளியே கிடக்கும். அதைப் பிளாக்செயினில் முறைப்படி ரத்து செய்யக் கேஸ் செலவாகும். அந்தச் செலவை மிச்சப்படுத்த ஒரு காலத்தில் பலர் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். டோக்கனை வேறு வாலட்டுக்கு அனுப்பினார்கள். பட்டியல் சந்தையின் திரையிலிருந்து மறைந்தது. ரத்தாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

உண்மையில் அந்தக் கையெழுத்து உயிரோடுதான் இருந்தது. உரிமையாளர் முகவரி பொருந்தாததால் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டோக்கன் பழைய முகவரிக்குத் திரும்பியபோது அதுவும் விழித்துக்கொண்டது. 2022 ஜனவரியில் இதைக் கண்டுபிடித்தவர்கள் பழைய விலைகளில் டோக்கன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். போர்டு ஏப் என்ற என்எஃப்டி தொகுப்பின் 9991-ஆம் எண் டோக்கன் வெறும் 0.77 ஈத்துக்கு (ஈத் என்பது எத்தேரியத்தின் நாணயம்) போய், சற்று நேரத்தில் 84.2 ஈத்துக்குக் கைமாறியது. வாலட்டுக்கு வாலட் மாற்றுவது எவ்வளவு கவனமாகச் செய்யவேண்டிய காரியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. சந்தையில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் உரிமையாளர் அன்று செய்தது ஒரு சாதாரண இடமாற்றம்தான்.

சரி, இவற்றை முதலில் ரத்து செய்துவிட்டுப் பிறகு நகர்த்துவதா, நகர்த்திவிட்டு ரத்து செய்வதா? நகர்த்திவிட்டு ரத்து செய்யுங்கள். காரணம் இருக்கிறது. ரத்து செய்யும் கோரிக்கை பிளாக்செயினில் பதிவாகக் காத்திருந்து பொது வரிசையில் நிற்கும்போது எல்லோருக்கும் தெரியும். மலிவான பட்டியல் ஒன்று உயிரோடு இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்தமாதிரி ஆகிவிடும். கூடுதல் கட்டணம் கொடுத்து உங்களுக்கு முன்னால் வாங்கிவிட ஆள் இருக்கிறார்கள். டோக்கன் புதிய முகவரிக்குப் போய்விட்டால் பழைய பட்டியல்களும் பழைய அனுமதிகளும் அதைத் தொட முடியாது. அனுமதி என்பது உரிமையாளரின் முகவரியோடு ஒட்டியது, புதிய முகவரி அப்படி யாருக்கும் எதுவும் கொடுத்திருக்காது. பிறகு நிதானமாகச் சுத்தம் செய்யலாம்.

டோக்கன் எங்காவது ஸ்டேக் செய்யப்பட்டிருந்தாலோ (வெகுமதிக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருந்தாலோ), கடனுக்கு அடகாக இருந்தாலோ, அது இப்போது பெரும்பாலும் வேறொரு கான்ட்ராக்ட்டின் பெயரில் இருக்கும். முதலில் அங்கிருந்து மீட்டெடுத்த பிறகுதான் நகர்த்த முடியும்.

முகவரியை எடுப்பதும் ஒப்பிடுவதும்

எத்தேரியம் முகவரி 42 எழுத்துக்கள் கொண்டது. முதலில் ஒரு பூஜ்யமும் எக்ஸும், பிறகு 40 எண்களும் எழுத்துக்களும். முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுவது நம் எல்லோருடைய பழக்கம். மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும். முன்னும் பின்னும் உங்கள் முகவரியைப் போலவே இருக்கும் இன்னொரு முகவரியைக் கணினி வைத்துத் தேடி உருவாக்குகிறார்கள். அதிலிருந்து உங்களுக்கு ஒன்றுமில்லாத ஒரு பரிவர்த்தனையை அனுப்புகிறார்கள். அது உங்கள் வரலாற்றுப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை பழைய பரிவர்த்தனையிலிருந்து முகவரியை நகலெடுத்தால், நீங்கள் எடுப்பது அவர்களுடையதாக இருக்கும். 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் 1,155 ரேப்டு பிட்காயின்களை (எத்தேரியத்தில் பிட்காயினைக் குறிக்கும் டோக்கன்), அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 6.8 கோடி டாலரை, போலி முகவரிக்கு அனுப்பினார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அப்படித் திரும்பி வருவது மிக அபூர்வம்.

ஆகவே வரலாற்றிலிருந்து எதையும் நகலெடுக்காதீர்கள். லெட்ஜரின் செயலியில் பெறுவதற்கான பக்கத்தைத் திறந்தால், சாதனத்தின் திரையிலும் முகவரி வரும். கணினித் திரையில் இருப்பதையும் சாதனத்தில் இருப்பதையும் முழுதாக ஒப்பிடுங்கள். எட்டெட்டு எழுத்தாகப் பிரித்து வாய்விட்டுப் படித்தால் ஐந்து சுற்றில் முடிந்துவிடும். பக்கத்தில் யாராவது இருந்தால் ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்கலாம். நகலெடுக்கும்போது முகவரியை மாற்றிவிடும் தீம்பொருளும் உண்டு. அதனால் ஒட்டிய பிறகும் ஒரு முறை பார்க்கவேண்டும். சரிபார்த்த முகவரியை மெட்டாமாஸ்க்கின் தொடர்புப் பட்டியலில் பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் இந்த வேலை மிச்சமாகும்.

கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் டெபாசிட் முகவரிக்கு என்எஃப்டியை அனுப்பவே அனுப்பாதீர்கள், அந்த எக்ஸ்சேஞ்ச் அந்தத் தொகுப்பை ஏற்பதாக வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலொழிய. அந்த முகவரியின் சாவி அவர்களிடம் இருக்கிறது. உங்களுக்காக அவர்கள் எடுத்துத் தருவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது.

கேஸ் செலவு

என்எஃப்டியை நகர்த்தும் கட்டணத்தை அனுப்பும் முகவரியே அந்த நெட்வொர்க்கின் சொந்த நாணயத்தில் கொடுக்கவேண்டும். எத்தேரியத்தில் ஈத், பாலிகான் என்ற நெட்வொர்க்கில் பால் (POL). சாதாரணமாக ஈத் அனுப்ப 21,000 கேஸ் அலகு ஆகும். என்எஃப்டிக்கு அதைவிடக் கூடும், எவ்வளவு என்பது அந்தக் கான்ட்ராக்ட் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்தது. உதாரணத்துக்கு 80,000 கேஸ், ஒரு கேஸுக்கு 2 க்வெய் (ஓர் ஈத்தை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு க்வெய்) என்றால் மொத்தம் 0.00016 ஈத். பழைய வாலட்டில் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விட்டுவையுங்கள், பின்னால் அனுமதிகளை ரத்து செய்யவும் அதே இடத்தில் ஈத் வேண்டியிருக்கும். புதிய வாலட்டிலும் சிறிது இருக்கட்டும்.

முதலில் ஓர் ஒத்திகை

பணம் என்றால் பத்து ரூபாய் அனுப்பிப் பார்க்கலாம். என்எஃப்டியில் பாதியை அனுப்பிப் பார்க்க முடியாது. அதனால் முதலில் சிறிது ஈத், அப்புறம் விலைபோகாத ஓர் என்எஃப்டி, கடைசியில் மதிப்புள்ளது என்ற வரிசையில் போகவேண்டும். விலைபோகாத என்எஃப்டி என்று நான் சொல்வது நீங்களே வாங்கிய அல்லது மின்ட் செய்த ஒன்று. யாரோ கேட்காமல் உங்கள் வாலட்டில் போட்டுவிட்டுப் போனதைத் தொடாதீர்கள். அதில் ஒரு தளத்தின் முகவரி எழுதியிருக்கும், போய்ப் பார்த்தால் பரிசு என்பார்கள். அது தூண்டில்.

ஒத்திகையில் பலர் விட்டுவிடும் பாதி ஒன்று உண்டு. புதிய முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதால் அந்த முகவரியின் சாவி உங்களிடம் இருக்கிறது என்று ஆகாது. யாருடைய முகவரிக்கு அனுப்பினாலும் போய்ச் சேரத்தான் செய்யும். அந்த மலிவான என்எஃப்டியை லெட்ஜரில் கையெழுத்திட்டு வேறு எங்காவது ஒரு முறை வெளியே அனுப்பிப் பாருங்கள். அது நடந்தால்தான் சாவி உங்களுடையது என்று நிரூபணமாகும். கொஞ்சம் கேஸ் செலவுதான். தயங்காமல் செய்யுங்கள்.

அனுப்பும் தருணம்

மெட்டாமாஸ்க்கில் பழைய கணக்கைத் தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க் எத்தேரியம்தானா என்று பாருங்கள். என்எஃப்டி பகுதியில் அந்த டோக்கனைத் திறந்து, எண்ணைச் சரிபார்த்து, அனுப்பும் பட்டனை அழுத்துங்கள். பெறுநர் இடத்தில் சேமித்துவைத்த பெயரைத் தேர்ந்தெடுங்கள். 1155 வகை என்றால் எத்தனை பிரதிகள் என்று கேட்கும்.

இப்போது உறுதிப்படுத்தும் திரை வரும். இங்கே நிதானம் வேண்டும். செயல்பாட்டின் பெயர் ட்ரான்ஸ்ஃபர் ஃப்ரம் அல்லது சேஃப் ட்ரான்ஸ்ஃபர் ஃப்ரம் என்றிருக்கவேண்டும். செட் அப்ரூவல் ஃபார் ஆல் என்று வந்தால் உடனே நிராகரியுங்கள். நகர்த்துவதற்கு அந்த அனுமதி தேவையே இல்லை. உங்கள் வாலட்டிலிருந்து நீங்களே அனுப்பும்போது எந்தத் தளத்தையும் இணைக்கவேண்டியதில்லை. பல டோக்கன்களை ஒரே தடவையில் அனுப்பித் தருகிறோம் என்னும் கருவிகள் இந்த அனுமதியைக் கேட்கும். நல்ல கருவிகளும் அவற்றில் உண்டுதான். இருந்தாலும் விலையுயர்ந்தவற்றைக் கையால் ஒவ்வொன்றாக அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சேஃப் என்ற பெயரைப் பார்த்துவிட்டு எல்லாம் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பெறுவது ஒரு கான்ட்ராக்ட்டாக இருந்தால், என்எஃப்டியைக் கையாள அதற்குத் தெரியுமா என்று அது கேட்டுப் பார்க்கும், தெரியாவிட்டால் பரிவர்த்தனையை நிறுத்திவிடும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சாதாரண முகவரிக்குப் போவதை, அது மோசடிக்காரனுடையதாக இருந்தாலும், அது தடுக்காது.

கட்டணத்தைப் பார்த்துவிட்டு உறுதிசெய்யுங்கள். வெகுநேரம் நிலுவையில் நின்றால் பதறவேண்டாம், கட்டணம் குறைவாக இருந்திருக்கும். மெட்டாமாஸ்க்கிலேயே வேகப்படுத்தும் வசதி இருக்கிறது. அந்த நேரத்தில் எக்ஸ் தளத்திலோ டிஸ்கார்டிலோ உதவி கேட்டால், வாலட் நிறுவனத்தின் பெயரில் யாராவது வந்து வார்த்தைகளைக் கேட்பார்கள். எந்த நிறுவனமும் அவற்றைக் கேட்காது.

திரையை நம்பாமல் பதிவேட்டைப் பார்ப்பது

லெட்ஜர் கணக்கில் படம் வரவில்லையே என்ற பயம் அடிக்கடி வரும். படத்தைக் காட்டுவது வாலட் செயலியின் வேலை, அதற்கு நேரம் பிடிக்கும், சில சமயம் காட்டாமலே போகும். உண்மையைச் சொல்வது கான்ட்ராக்ட்தான். ஈதர்ஸ்கேனில் அந்தத் தொகுப்பின் கான்ட்ராக்ட் பக்கத்துக்குப் போங்கள். கான்ட்ராக்ட் என்ற பகுதியில் ரீட் கான்ட்ராக்ட் என்று இருக்கும். அதில் ஓனர் ஆஃப் என்பதைத் திறந்து டோக்கன் எண்ணைப் போட்டுக் கேளுங்கள். லெட்ஜர் முகவரி வந்தால் பெயர் மாறிவிட்டது. 1155 வகைக்கு ஓனர் ஆஃப் கிடையாது, பேலன்ஸ் ஆஃப் என்பதில் முகவரியையும் எண்ணையும் கொடுக்கவேண்டும்.

பிறகு பழைய வாலட்டுக்கு வந்து சுத்தம் செய்யுங்கள். சந்தையில் உங்கள் பட்டியல்கள் பகுதிக்குப் போய், செயலிழந்தவை உட்பட எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். தேவையில்லாத அனுமதிகளை நீக்குங்கள். டோக்கன் என்றைக்கும் அந்த முகவரிக்குத் திரும்பாது என்று உறுதியாக இருந்தாலும் செய்துவிடுங்கள், மூன்று வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பரிவர்த்தனை எண்ணை, தேதியோடும் இரண்டு முகவரிகளோடும் எழுதிவையுங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்க முடியும். நம் வாலட்டிலிருந்து நம் வாலட்டுக்கே நகர்த்துவது விற்பனை ஆகாது. ஆனால் நாளை லெட்ஜரிலிருந்து விற்கும்போது, வாங்கிய முகவரியும் நம்முடையதே என்று காட்ட இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

லெட்ஜருக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. சாதனம் சாவியைத்தான் காக்கும், நீங்கள் விரும்பிப் போடும் தவறான கையெழுத்தைத் தடுக்காது. 2022 பிப்ரவரியில் ஓப்பன்சீ பயனர்கள் 17 பேர் டோக்கன்களை இழந்தது, ஏமாந்து தாங்களே கையெழுத்திட்டதால்தான். 2023 டிசம்பர் 14 அன்று லெட்ஜரின் இணைப்பு நிரலிலேயே தீய குறியீடு நுழைந்தபோதும், கையெழுத்துப் போட்டவர்கள்தான் இழந்தார்கள். ஆகவே பெட்டகமாகிய லெட்ஜர் முகவரியை எந்தத் தளத்தோடும் இணைக்காமல் வைத்திருங்கள். விற்கவேண்டும் என்றால் புதிதாகத் திறந்த ஒரு வாலட்டுக்கு அந்த டோக்கனை மட்டும் அனுப்பி, அங்கிருந்து விற்கலாம்.

வேறு மாதிரி நடந்துகொள்பவை

2017 ஜூனில் லார்வா லேப்ஸ் வெளியிட்ட கிரிப்டோபங்க்ஸ் 721 விதிமுறைக்கு முந்தியது. அதன் கான்ட்ராக்ட்டில் ட்ரான்ஸ்ஃபர் பங்க் என்ற தனிச் செயல்பாடுதான் உண்டு. வாலட்டின் வழக்கமான அனுப்பும் பட்டனை அதற்கு நம்பமுடியாது.

நீளமான முகவரிக்குப் பதிலாகப் பயன்படும், டாட் ஈத் என்று முடியும் ஈஎன்எஸ் பெயர்களும் என்எஃப்டிகளே. இவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. பெயரின் உரிமையை மாற்றினாலும், அந்தப் பெயர் எந்த முகவரியைச் சுட்டுகிறது என்ற பதிவு தானாக மாறாது. யாராவது அந்தப் பெயருக்குப் பணம் அனுப்பினால் பழைய வாலட்டுக்கே போகும். ஈஎன்எஸ்ஸின் சொந்தச் செயலியில் அனுப்பினால் உரிமையாளர், மேலாளர், முகவரிப் பதிவு மூன்றையும் சேர்த்து மாற்றலாம்.

பாலிகான், பேஸ், ஆர்பிட்ரம் ஆகிய நெட்வொர்க்குகள் எல்லாம் எத்தேரியத்தின் அதே முகவரி முறையைப் பயன்படுத்துகின்றன. அதே லெட்ஜர் முகவரி அங்கேயும் செல்லும், டோக்கன் மட்டும் அந்தந்த நெட்வொர்க்கிலேயே இருக்கும். பெறுவது சாதாரண முகவரியாக இல்லாமல் சேஃப் என்ற பெயருள்ளதைப் போன்ற கான்ட்ராக்ட் வாலட்டாக இருந்தால், அது அந்த நெட்வொர்க்கில் உருவாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நெட்வொர்க்கில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம்.

பிட்காயினில் 2023 ஜனவரியில் வந்த ஆர்டினல்ஸ் என்ற என்எஃப்டி வகை வேறு உலகம். அங்கே பொறிப்பு (படம் போன்ற தரவு) ஒரு குறிப்பிட்ட சடோஷியில், அதாவது பிட்காயினின் மிகச்சிறிய அலகில், இருக்கிறது. ஆர்டினல்ஸ் தெரியாத வாலட்டுக்கு அனுப்பினால், அது அந்தச் சடோஷியைச் சில்லறை மாதிரி எடுத்துக் கட்டணமாகச் செலவழித்துவிடக்கூடும். ஆர்டினல்ஸைப் பிரித்தறியும் வாலட்டுக்கு மட்டும் அனுப்புங்கள்.

பழைய வாலட் ஏற்கெனவே களவுபோயிருந்தால்

முதலில் என்ன போயிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு தொகுப்புக்கு மட்டும் தவறான அனுமதி கொடுத்திருந்தால், சாவி இன்னும் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தொகுப்பில் மிச்சமுள்ளதை உடனே புதிய முகவரிக்கு நகர்த்துங்கள், பிறகு அனுமதியை நீக்குங்கள். இங்கே ஒத்திகைக்கு நேரமில்லை. ஆனாலும் முகவரியை முழுதாகப் பாருங்கள்.

வார்த்தைகளே வெளியே போயிருந்தால் நிலைமை மோசம். திருடர்கள் அந்த முகவரியைக் கவனிக்க ஒரு பாட் (bot) எனும் தானியங்கி நிரலை நிறுத்திவைப்பார்கள். கேஸுக்காக நீங்கள் ஈத் அனுப்பினால், அது வந்த நொடியிலேயே வழித்தெடுத்துக்கொண்டு போய்விடும். 2025 மே மாதம் எத்தேரியத்தில் வந்த பெக்ட்ரா மேம்பாட்டுக்குப் பிறகு, சாதாரண முகவரியும் ஒரு கான்ட்ராக்ட்டின் நிரலைத் தன்னோடு இணைத்துக்கொள்ள முடியும். சாவி கையில் கிடைத்த திருடர்கள் வந்ததைத் தானாகவே அனுப்பிவிடும் நிரலை இணைத்துவைக்க இதையும் பயன்படுத்துகிறார்கள். மீண்டும் மீண்டும் ஈத் அனுப்பிப் பார்க்காதீர்கள், அத்தனையும் அவர்களுக்கே போகும்.

அந்தப் பாட்டை முந்த இருக்கும் வழி, ஈத் அனுப்பும் பரிவர்த்தனையையும் என்எஃப்டியை நகர்த்தும் பரிவர்த்தனையையும் ஒரே கட்டாகக் கட்டி, பொது வரிசைக்குப் போகாமல் நேராகப் பிளாக் உருவாக்குபவர்களுக்குக் கொடுப்பது. ஃப்ளாஷ்பாட்ஸ் என்ற அமைப்பு இதற்கான வசதியைத் தருகிறது. இரண்டும் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்து நடப்பதால் அந்தப் பாட் இடையில் புக நேரம் கிடைக்காது. ஸ்டேக்கில் மாட்டியிருக்கும் டோக்கனைக்கூட இப்படி மீட்டவர்கள் உண்டு. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இது எளிதல்ல. நேரில் பழகிய, நிரல் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். இணையத்தில் தானாக வந்து மீட்டுத்தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போகவேண்டாம், அவர்களில் பலர் இரண்டாவது முறை திருட வருபவர்கள்.

மீட்டது போக, அந்த வார்த்தைகளிலிருந்து உருவான மற்ற கணக்குகளையும் காலி செய்யுங்கள். ஒரே 12 வார்த்தைகளிலிருந்துதான் மெட்டாமாஸ்க்கில் இரண்டாவது, மூன்றாவது கணக்குகளும் பிறக்கின்றன. ஒன்று போனால் எல்லாமே போனதாகத்தான் அர்த்தம். பாலிகானிலும் பேஸிலும் அதே முகவரியில் கிடப்பதையும் தேடிப் பாருங்கள். ஏதாவது திட்டத்தின் ஏர்டிராப் (இலவச டோக்கன் விநியோகம்) பட்டியலில் அந்தப் பழைய முகவரி இருந்தால், அந்தத் திட்டத்தாரின் அதிகாரபூர்வ வழியில் தகவல் சொல்லி, முடிந்தால் புதிய முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள்.